பிங்கள வருஷத்து நிலா

காலை நாலே முக்காலிலிருந்து பால்காரர் மணியடிக்கும் ஆறரை மணி வரை நாவலுக்கு. அதற்குப் பிறகு குளியல், டிபன், கூட்டுறவு வங்கி. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று கணக்கு. பல நாள் ஒன்றோடு நின்றுவிடும். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை அநேகமாகத் தினம் ஓர் அத்தியாயமாக எழுதி, வெண்முரசை 26 நாவல்களில் முடித்தார். விடியற்காலையில் அதையெல்லாம் நினைக்கக் கூடாது. பேனாவைத் தொடக் கை வராது.

மேஜையில் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்றில் நாவல். மற்றது பேரேடு மாதிரி நீளமானது. யார் எந்த வருஷம் பிறந்தார், எந்த மாதம் கல்யாணம், எந்த அத்தியாயத்தில் என்ன வயது, வீட்டுப் பசு எப்போது சினை என்று கோடு போட்டு எழுதியிருப்பேன். வங்கிக்காரன் புத்தி என்று நண்பர்கள் சிரிப்பார்கள். பட்ட பிறகு வந்த புத்தி அது. என் முதல் நாவலில் மாசியில் நாள் தள்ளிப்போன ஒருத்தி அடுத்த தைப் பொங்கலுக்குத்தான் பிள்ளை பெற்றாள். நானும் கவனிக்கவில்லை, பிழை திருத்தியவரும் கவனிக்கவில்லை. புத்தகம் வந்த பிறகு ஒரு நர்ஸ் கடிதம் போட்டார். திட்டவில்லை, தாயும் சேயும் நலமா என்று மட்டும் கேட்டிருந்தார்.

இப்போது எழுதுவது 1977 புயலைப் பற்றி. அந்த நவம்பர் 12-ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்த புயல். எனக்கு அப்போது இரண்டு வயது, எல்லாம் கேள்விதான். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும் என்று படித்திருந்தேன். அந்த அமைதியில் மேகம் விலகி, இடிந்த வீடுகளின் மேல் நிலா காய்வதாக ஒரு பத்தி எழுதினேன். நாலு காலை செதுக்கிய பத்தி. பெருமை தாங்காமல் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அந்த ராத்திரியை அங்கே கழித்தவர்.

“அன்னைக்கு ஏதுடா நிலா? தீவாளிக்கு மறுநா ராத்திரி. கையக் காட்டுனா கை தெரியல. அடுப்பு, வெறகு எல்லாம் ஈரம். புள்ளைவொளுக்குத் தூக்குல இருந்த அதிரசந்தான்.”

எங்கள் தெருவில் ஜாதகம் பார்க்கும் பெரியவர் பரணில் ஏறி, செல்லரித்த பிங்கள வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்தார். நவம்பர் 11, ஐப்பசி அமாவாசை. பெரியம்மா சொன்னதுதான் சரி. ஆனாலும் ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தேன். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு யார் பஞ்சாங்கம் பார்க்கப் போகிறார்கள்?

நிலாவை அடித்த பிறகுதான் அந்த வீட்டுக்குள் என்ன இருந்தது என்று தெரியத் தொடங்கியது. தீபாவளி மறுநாள் என்றால் தூக்கில் பலகாரம் இருக்கும். புதுத்துணி மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கும். சின்னப் பையன் இருக்கிற வீடென்றால் கார்த்திகைக்கென்று கொஞ்சம் வெடி ஒளித்து வைத்திருப்பான். என் பையனும் வைத்திருந்தான், குதிருக்குப் பின்னால் ஒரு கட்டு லட்சுமி வெடி. கூரை போய், தண்ணீர் புகுந்து, ஊரே பிணம் தேடிக்கொண்டிருக்கையில் அவன் நமுத்துப்போன வெடிகளை இடிந்த சுவர்மேல் வரிசையாக அடுக்கி மூன்று நாள் காயவைக்கிறான். ஒன்றுகூட வெடிக்கவில்லை. நிலா எந்த நாவலிலும் காயும். இந்த வெடி அந்தத் தேதிக்கு மட்டும் உரியது.

கல்கிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1950-இல் பொன்னியின் செல்வனைத் தொடங்கியபோது வந்தியத்தேவனை ஏதோ ஒரு நாள் குதிரையில் அனுப்பவில்லை, ஆடிப் பதினெட்டன்று அனுப்பினார். நாளைச் சொன்னதுமே ஏரியில் புது வெள்ளம் வந்துவிட்டது, கரைக்குச் சித்திரான்னத்தோடு ஜனமும் வந்துவிட்டது.

மார்ச்சில் வங்கியில் வருஷக் கணக்கு முடிப்பு. அந்த மாதம் நாவல் மூடியே கிடக்கும். ஏப்ரலில் திறந்தால் பாத்திரங்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அப்போது எழுத முயல்வதில்லை. நீள நோட்டை விரித்து, இவனுக்கு இப்போது என்ன வயது, வயலில் நடவா அறுப்பா என்று ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு போவேன். பத்து நாளில் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார். பெரும்பாலும் கிழவிகள்தான்.

வீட்டை ஒழிக்கும்போது தாத்தாவின் வரவு செலவு நோட்டோ, பழைய பஞ்சாங்கமோ, டைரியோ கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பஸ் டிக்கெட்டிலிருந்து கருவாட்டு விலை வரை அவற்றில்தான் இருக்கிறது.