பரோட்டாவும் வட்டிலப்பமும்



நீரிழிவு நோயாளி உள்ள இல்லத்தில் பெருநாள் விருந்து பரிமாறுவது எத்துணைச் சங்கடமானது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். என் உம்மாவுக்கு நெடுநாளாக நீரிழிவு உண்டு. வட்டிலப்பத்தைக் கண்டால், "எனக்குச் சீனி ஆகாதும்மா" என்று தட்டை நகர்த்தி விடுவார்கள். பரோட்டாவையோ, "இதிலே இனிப்பா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவதையும் ஆணத்தில் தோய்ப்பார்கள். நாவுக்கு இனிக்காத பண்டம் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரிதானா? சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மைதாவும் 10 கிராம் எண்ணெயும் செலவாவதாகக் கொள்ளுங்கள். அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 45 கிராம்; புரதம் 6 கிராம்; மொத்தம் சுமார் 300 கலோரி. கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்பட்டதே மைதா என்பதால் நார்ச்சத்து மிகக் குறைவு.

இனி வட்டிலப்பம். 10 முட்டை, அரைக்கிலோ வெல்லம், கெட்டித் தேங்காய்ப்பால் அரை லிட்டர் சேர்த்து அவித்துப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு ஒரு முட்டையும் 50 கிராம் வெல்லமும் சேரும். சர்க்கரை ஏறத்தாழ 45 கிராம். புரதம் 6 கிராமுக்குச் சற்று மேல். சுமார் 350 கலோரி.

வியப்பாக இல்லையா? இரண்டும் ஏறத்தாழச் சமம்! மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாக மாறியே இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே, மூன்று பரோட்டா உண்பவர், தாம் ஒதுக்கிய இனிப்பைப் போல் மும்மடங்கு மாவுச்சத்தை உட்கொள்கிறார்.

அதற்காக வட்டிலப்பம் குற்றமற்றது என்று கருதிவிடாதீர்கள். முட்டையின் புரதம் மைதாவின் புரதத்தை விட உயர்ந்ததுதான். ஆயினும், தேங்காய்ப்பாலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையின் கணக்கு. ஒரு பங்கு வட்டிலப்பமே அதை ஏறக்குறைய நிரப்பி விடுகிறது. வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி சேர்த்தாலும் அது சர்க்கரையே.

கட்டுக்கடங்காத நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். உம்மாவின் பார்வையை எண்ணித்தான் எங்கள் இல்லத்தில் முறையை மாற்றினோம். முழுக் கோதுமை மாவில் குறைந்த எண்ணெயில் சுட்ட ஒரு ரொட்டி. அத்துடன் பருப்பும் காய்கறியும் தாராளமாக. இனிப்பு வைக்கும் நாளில் அந்த ரொட்டியிலும் பாதி குறையும்; வட்டிலப்பம் இரண்டு கரண்டி மட்டுமே. இந்த அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்தோம்.

சகோதரிகளே! "இனிப்பு வேண்டாம்" என்று முதியோரைத் தடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவர்கள் தட்டில் இனிக்காமல் வந்து அமரும் பண்டத்தையும் எண்ணிப் பரிமாறுங்கள்.