மாஷிமாவின் சுவர்

பெஹாலாவில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் ஆளுயரச் செங்கற்சுவர் ஒன்று குழாயடிக்குச் செல்லும் வழியை மறித்து நிற்கிறது. அது நின்றிருக்கவே கூடாது. தீர்ப்பாணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் இடித்துவிடுவதாக, வீட்டுக்கார அம்மையாரின் அண்ணன் 2021 நவம்பரில் கையெழுத்திட்டிருக்கிறார்.

அம்மையாரை நான் மாஷிமா என்றே அழைக்கிறேன். சட்ட வரலாறு படிப்பவன் என்று தெரிந்ததும் பழைய கோப்பொன்றை என் மேசையில் வைத்து, "கொஞ்சம் பார், பாபா" என்றார். அது 2025 பிப்ரவரி. பாகப்பிரிவினை வழக்கு சமரசத்தில் முடிந்திருந்தது. மூன்று தவணைகளில் பணம், பிறகு சுவர். முதல் தவணை மட்டும் வந்தது.

புதிதாக வழக்குப் போட வேண்டுமா என்பதே அவருடைய கவலை. வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் கட்டளை, 3ஆம் விதியின்கீழ் பதிவான சமரசமும் தீர்ப்பாணைதான். நிறைவேற்று மனுவே அதற்கு வழி. இசைந்து பெற்ற ஆணையை எதிர்த்து அண்ணன் மேல்முறையீடு செய்யவும் இயலாது.

வழக்கு பாகம் பற்றியது, வழக்குரையில் சுவரே இல்லை, ஆகவே அந்த நிபந்தனை செல்லாது என்பது அண்ணனின் வாதம். 1976க்கு முன்பு இதற்கு வலு இருந்திருக்கும். வழக்கோடு தொடர்புடைய பகுதிக்கு மட்டுமே அப்போது ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டுத் திருத்தம், அதே தரப்பினருக்கு இடையிலானதாயின், ஒப்பந்தப் பொருள் வழக்குப் பொருளோடு ஒத்திருக்க வேண்டியதில்லை என்றது. ஆவணக்காப்பகத்தில் தூசி தட்டிப் படித்த ஒரு வரி மாஷிமாவின் கொல்லைப்புறத்துக்குப் பயன்பட்டதில் எனக்குச் சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி அன்று மாலைவரைதான். தீர்ப்பாணையை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி அவர் பொறுமையாக இருந்திருக்கிறார். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி பணத்துக்கு அது சரி. ஒரு செயலைச் செய்யுமாறு பணிக்கும் செயலுறுத்துக் கட்டளைக்கோ மூன்றே ஆண்டுகள், குறித்த கெடு முடிந்த நாளிலிருந்து. ஒரே தாளில் இருந்த இரு வாக்குறுதிகளுக்கு இரு வெவ்வேறு ஆயுள்! சுவருக்கு மூன்று மாதங்களே மிஞ்சியிருந்தன.

வழக்கறிஞர் அலிப்பூரில் மனுவைத் தயாரித்தபோது வேறொரு சிக்கல். 21ஆம் கட்டளையின் 32ஆம் விதி, கீழ்ப்படியாதவரின் சொத்தை முடக்கவும் அவரை உரிமையியல் சிறையில் அடைக்கவும் இடமளிக்கிறது. சிறை என்ற சொல்லைக் கேட்டதும் மாஷிமா எழுந்துவிட்டார். "தாதாவை உள்ளே வைக்கச் சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்." தன்னைத் தூக்கி வளர்த்தவர் என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான்கு ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீருக்குத் தெருவைச் சுற்றிப் போகிறவர் அவர். நல்லவேளையாக அதே விதியின் 5ஆம் உட்பிரிவு உதவியது. நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் வேலையை முடிக்கலாம், செலவு அண்ணனுடையது. அதையே கேட்டோம். பணத்துக்கு மட்டும் அண்ணனின் வங்கிக் கணக்கை முடக்கக் கோரியிருக்கிறோம். ஏப்ரலில் மனு தாக்கலாயிற்று.

இந்தியாவில் தீர்ப்பாணை பெற்ற பிறகே வழக்காடியின் துன்பம் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872இலேயே வருந்தியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியம்மாள் வழக்கில், 1980இல் செய்த விற்பனை ஒப்பந்தத்துக்கு 2025 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் முடிவு கண்டது. நிறைவேற்று மனுக்கள் ஆறு மாதத்தில் முடிய வேண்டும் என்று மீண்டும் சொல்லி, கணக்கும் கேட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தெரியவந்த கணக்கில், நாடெங்கும் 8.82 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் நிலுவையில் இருந்தன.

அவற்றுள் ஒன்று எங்களுடையது. சென்ற வாய்தாவில் அண்ணன் இரண்டாம் தவணைக்கான வரைவோலையைக் கொடுத்தார்; சுவரைப் பற்றிப் பேசவில்லை. வெளியே வந்ததும் மாஷிமா அவரிடம் கேட்டது, சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று.