சாவி யார் கையில்? ரேஸ் டிராக்கைத் தேடும் ஒரு நெல்லைப் பொண்ணு!

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன டூவீலர் ஒர்க்‌ஷாப். ரிப்பேர் முடிந்த வண்டியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் இல்லையா? அந்த வேலை மெக்கானிக்கின் 19 வயது மகளுக்கு. காலேஜ் கிளம்புவதற்கு முன்னால், கொக்கிரகுளம் வழியாக சுலோசன முதலியார் பாலம் வரை போய்த் திரும்புவார். வந்ததும் ரிப்போர்ட்.

"எப்பா, மூணாவது கியர்ல செயின் தட்டுது. இன்னும் கொஞ்சம் டைட் வைக்கணும்."

மகள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால், ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "நான் டிராக்ல ரேஸ் ஓட்டணும்ப்பா" என்று அந்தப் பெண் சொன்னதும், அவர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"ஏட்டி, ஒனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகப்போறவ. கையக் கால ஒடச்சிக்கிட்டு வந்து நிக்கவா?"

இங்கே அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. 'பொண்ணு ரேஸ் ஓட்டப் போறாளாம்' என்பது சொந்தக்காரர்களுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்பது அம்மாவின் கண்டிஷன்.

அப்பா கொடுத்த வண்டி

அந்தப் பெண்ணின் போனில் அடிக்கடி ஓடும் வீடியோக்கள் அலிஷா அப்துல்லாவுடையவை. சென்னைக்காரர். இந்தியாவின் முதல் பெண் நேஷனல் ரேஸிங் சாம்பியன் என்று அறியப்படுபவர். அதர்வா நடித்து 2014-ல் வந்த 'இரும்புக் குதிரை' படத்தில் பார்த்திருப்பீர்கள்.

அலிஷா 9 வயதில் கோ-கார்ட் ஓட்டத் தொடங்கினார். 13 வயதில் எம்.ஆர்.எஃப். தேசிய கோ-கார்ட்டிங் பட்டம். 2004-ல் ஜே.கே. டயர் தேசியப் போட்டியில் ஐந்தாம் இடம். பிறகு 600 சிசி சூப்பர் பைக்குக்கு மாறினார். பைக்கில் பெரிய விபத்துகளைச் சந்தித்த பிறகு மீண்டும் கார் பந்தயம். தான் ஓட்டியதோடு நிற்காமல், பெண்களுக்கென்றே ஒரு ரேஸிங் அகாடமியும் தொடங்கினார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஆள் இன்னொருவர் இருக்கிறார். அலிஷாவின் அப்பா ஆர்.ஏ.அப்துல்லா. அவரே தேசிய அளவில் பலமுறை பட்டம் வென்ற பைக் ரேஸர். அந்த 600 சிசி பைக், அவர் மகளுக்குக் கொடுத்த பரிசு. விழுந்தால் என்ன ஆகும், எப்படி எழ வேண்டும் என்று தன் உடம்பிலேயே தெரிந்து வைத்திருந்த அப்பா. அப்படிப்பட்டவர் சாவியை நீட்டுவதும், டிராக்கை டி.வி-யில் மட்டுமே பார்த்த ஒரு நெல்லை மெக்கானிக் சாவியை நீட்டுவதும் ஒன்றல்ல.

ஒரே கோடு... ஆனால் யாருக்கு?

ஆணும் பெண்ணும் ஒரே கோட்டில் நின்று, ஒரே சமயத்தில் கிளம்பக்கூடிய வெகுசில விளையாட்டுகளில் மோட்டார் ரேஸிங்கும் ஒன்று. ஹெல்மெட் மாட்டிவிட்டால் உள்ளே இருப்பது யார் என்று வண்டிக்குத் தெரியாது. ஆனால், அந்தக் கோடு வரை வந்து சேர்ந்த பெண்கள் எத்தனை பேர்?

1958-ல் இத்தாலியின் மரியா தெரசா டி ஃபிலிப்பிஸ், ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய முதல் பெண் ஆனார். 1975 ஸ்பெயின் கிராண்ட் ப்ரீயில் அதே நாட்டின் லெல்லா லொம்பார்டி ஆறாவதாக வந்தார். பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. எஃப்1 வரலாற்றில் ஒரு பெண் எடுத்த புள்ளி இன்றுவரை அந்த அரை மட்டும்தான். 1976-ல் லொம்பார்டி ஓட்டியதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் எஃப்1 உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் கிளம்பியதே இல்லை.

தைரியக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. ரேஸர்கள் பெரும்பாலும் சின்ன வயதிலேயே கோ-கார்ட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். டயர், இன்ஜின், பெட்ரோல், மெக்கானிக், பயணம் என எல்லாமே காசு. அந்த வயதில் வீட்டில் யாருக்காகச் செலவு செய்கிறார்கள் என்பதிலேயே பாதி பந்தயம் முடிந்துவிடுகிறது.

நெல்லைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், தூரம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. போய்ச் சேர நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது கொஞ்சம் பக்கம், அவ்வளவுதான். தாமிரபரணிக் கரையில் வாழைத்தோப்பு உண்டு, வயல் உண்டு. டிராக் இல்லை.

திருக்குறுங்குடி தந்த வாசல்

ஆனால், ரேஸிங்குக்கும் நெல்லைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டி.வி.எஸ் என்ற பெயரின் முதல் எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம திருக்குறுங்குடி! 1877-ல் அங்கே பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்தான் அந்தக் குழுமத்தைத் தொடங்கியவர். அந்தக் குழுமத்தின் வண்டி நிறுவனம் 1982-ல் ரேஸிங் அணியை ஆரம்பித்தது. பிற்பாடு அப்பாச்சி பைக்குகளில் பெண்களுக்கென்று தனிப் பந்தயமும் நடத்தியது.

இதை 'ஒன் மேக்' பந்தயம் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக். சொந்தமாக ரேஸ் பைக் வாங்க வேண்டியதில்லை. தேர்வுச் சுற்றில் ஓட்டிக் காட்டி, நல்ல நேரம் எடுப்பவர்களுக்கு வாய்ப்பு. சாதாரண வீட்டுப் பெண்களுக்குத் திறந்திருக்கும் வாசல் இதுதான். சென்னையின் ஆன் ஜெனிஃபர், ரிஹானா பீ, ஜகதிஸ்ரீ போன்றவர்கள் தேசிய பைக் பந்தயங்களில் பெண்கள் பிரிவில் ஓட்டியவர்கள். இவர்களின் பெயர்களை அந்தப் பெண் மனப்பாடமாகச் சொல்கிறார்.

விழுந்தவர் வென்ற கதை

"விழுந்தா?" என்பது அம்மாவின் ஒரே கேள்வி. அதற்கு மகள் காட்டிய பதில், பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே.

பாலைவனம், கரடுமுரடான நிலம் என்று போகும் பஹா ராலிகளில் பைக் ஓட்டுபவர் ஐஸ்வர்யா. 2018-ல் ஸ்பெயினில் நடந்த பஹா பந்தயத்தில் விழுந்தார். கணையத்தில் பலத்த காயம். இனி அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே, 2019-ல், எஃப்.ஐ.எம். பஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவில் சாம்பியன் ஆனார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு.

கதையைக் கேட்ட அம்மா, "கணையம்னா வயித்துக்குள்ளதானட்டி இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். ஜெயித்த பாதி அவர் காதில் ஏறவில்லை.

ரோடு வேற... டிராக் வேற

அப்பாவின் பயம் வேறு மாதிரி. நாற்கரச் சாலையில் ராத்திரி வேளையில் பந்தயம் விட்ட பையன்களின் வண்டிகள் நொறுங்கிப்போய் அவர் கடைக்குத்தான் வரும். வண்டியை நேராக்கிவிடலாம். ஓட்டியவனை?

மகள் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டிராக்கில் எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது. ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக நிற்பார்கள். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது, சிவப்புக் கொடி என்றால் பந்தயம் நிற்கும். உடம்பு முழுக்க லெதர் சூட், முதுகுக்குத் தனிக் கவசம். போட்டியில் ஓட்ட, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் லைசென்ஸும் வேண்டும். "ரோட்டுல வேகமாப் போறவன் ரேஸர் இல்லப்பா. அவனுக்கு எங்க பிரேக் புடிக்கணும்னே தெரியாது."

இதைக் கேட்டு அப்பா சிரித்தார். தினமும் அவரே சொல்லும் வசனம் அது.

மிச்சம் இருந்தது பணம். அம்மா மாதாமாதம் மகளுக்காக நகைச்சீட்டு கட்டுகிறார். அதில் கைவைக்கலாமா என்று அப்பா மெல்ல இழுத்தபோது வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் மகள் அந்தப் பாலத்தின் கதையை எடுத்தார். ஜனங்கள் ஆற்றைக் கடக்க சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார், அதற்காக அவர் மனைவி நகைகளையே கொடுத்தார் என்று நெல்லையில் சொல்வார்கள். 1843-ல் திறந்த பாலம், இன்றைக்கும் நிற்கிறது.

"பாலத்துக்குக் குடுத்தா ஊரே போகும், வரும். இது நீ ஒருத்தி போறதுக்குல்லா?" என்றார் அம்மா.

"நான் போய்ட்டேன்னா, பின்னால வாரவளுக்கு வழி தெரியும்லாம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை.

முழு சூட் வாங்க இப்போது வழியில்லை. ஆனால், பயிற்சிப் பள்ளிகள் சிலவற்றில் வாடகைக்குத் தருவார்கள். முதலில் கோவையில் ஒரு பயிற்சி. தேறினால் பிறகு தேர்வுச் சுற்று. துணைக்கு அப்பா வருகிறார், ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு நாள் லீவு.

கிளம்புவதற்கு முந்தின நாள், அரிசி டப்பாவிலிருந்து ஒரு மடித்த கவரை எடுத்து அம்மா மகள் கையில் வைத்தார்.

"இந்த மாசச் சீட்டு கட்டல. இந்த ஒரு மாசந்தான், சொல்லிட்டேன். விழுந்தா ஒடனே போன் பண்ணு. அப்பாகிட்ட சொல்லாத, எங்கிட்ட சொல்லு."