பக்கத்து ஸீட்

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பொருள் இருக்கும். பாட்டியின் தையல் மெஷின், மாமனார் வாங்கிய வால்வு ரேடியோ, கால் ஆடும் தேக்குக் கட்டில். ‘இதைப் பழுது பார்ப்பதா, தலை முழுகிவிட்டுப் புதிது வாங்குவதா?’ என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது சண்டையும் வந்திருக்கும். எங்கள் வீட்டுச் சண்டைக்கு நான்கு சக்கரம் உண்டு.

ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966-ல் தாத்தா வாங்கியது. இரண்டே கதவு, தாழ்ந்த உடம்பு, பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் செதில் மாதிரி கூர்மை. அப்பா அதைக் கார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது மூச்சு வாங்கும்போது, நானும் தம்பியும் பின் ஸீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

பத்திரிகை வேலைக்கு வந்து நாலு புத்தகம் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, அப்பா சொன்னது முழுப் பொய்யல்ல என்று. 1959-ல் இங்கிலாந்தில் பிறந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961-ல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதை இங்கே செய்ய ஆரம்பித்தது. அடுத்த வருஷம், 1962-ல், இங்கிலாந்துக்காரர்கள் ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி ‘ஸ்பிட்ஃபயர்’ என்று ஓர் அசல் ஸ்போர்ட்ஸ் காரே செய்துவிட்டார்கள். அதாவது, தங்கை மேடை ஏறிவிட்டாள்; அக்காள் எங்கள் வீட்டில் குடித்தனம் செய்துகொண்டிருந்தாள்.

அப்பா காலமாகி இரண்டு வருஷம் கார் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு ஒரு நாள் அம்மா கண்ணுக்குப் புரை எடுத்துக்கொள்ளச் சேலம் போனாள். நான் சென்னையில், தம்பி பெங்களூரில். இருவருக்கும் அன்று லீவு இல்லை. கண்ணில் கட்டுடன், தூறலில், பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள்.

வீட்டுக்கு ஓடுகிற கார் ஒன்று வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு பேச்சே இல்லை. எந்தக் கார் என்பதில்தான் பேச்சு. கையில் இருந்தது நாலு லட்சம் ரூபாய்.

“காயலான் கடைக்கு அனுப்பு, அக்கா” என்றான் தம்பி. “அதில் ஸீட் பெல்ட் உண்டா? காற்றுப் பை உண்டா? இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் குழாய் தாங்குமா? ஹெரால்டு செய்வதை நிறுத்தியே 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்பேர் பார்ட் யார் கொடுப்பார்கள்?”

சட்டமும் படித்து வைத்திருந்தான். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவத்திலேயே வைத்திருந்தால் ‘வின்டேஜ்’ என்று தனி எண் தருவார்கள். ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது இவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம்.

“ஆஸ்பத்திரிக்குப் போக ஊர்வலமா வரும்?” என்றான்.

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். அப்பாவின் பேரைச் சொல்லி அழுதேன்.

கடைசியில், யாராவது தொழில் தெரிந்தவரிடம் காட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஹெரால்டை ஒரு டெம்போவில் ஏற்றிக் கட்டி, நாங்கள் மூவரும் நாமக்கல் போனோம்.

நாமக்கல் என்றதும் உங்களுக்கு ஆஞ்சநேயரும் முட்டையும் நினைவுக்கு வரும். லாரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பாடி கட்டும் பட்டறைகள். வெறும் சேஸிஸாக வரும் லாரி, மரமும் தகடும் பெயிண்டும் ஏறி, கல்யாணப் பெண் மாதிரி வெளியே போகும். அங்கே ஒரு பட்டறை மேஸ்திரி, எழுபது வயது இருக்கும், காரின் முன்புறம் முழுவதையும் அப்படியே தூக்கிச் சாய்த்தார். இந்தக் காரில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழும். பிறகு அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் இடம் இடமாகக் குத்தினார்.

“தப்பிச்சீங்க” என்று எழுந்தார். “இதுவும் லாரி மாதிரிதானுங்க. சேஸிஸ் தனி, பாடி தனி. எல்லாம் போல்ட்டுல நிக்குது. இப்ப வர்ற கார்ல பாடியேதான் சேஸிஸ். உள்ளே துரு ஏறினா வண்டி போச்சு. இதைத் துண்டு துண்டாக் கழட்டி, கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம்.”

அவர் சொன்னது சரித்திரமும்கூட. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர அன்று டிரையம்ப் கம்பெனிக்குத் தொழிற்சாலை அகப்படவில்லை. வெவ்வேறு இடங்களில் துண்டுகளாகச் செய்து, தனிச் சேஸிஸின் மேல் முடுக்கிக்கொண்டார்கள். அன்றைய தரித்திரம் இன்று எங்களுக்கு அதிர்ஷ்டம்.

நான் தம்பியை வெற்றியோடு பார்த்தேன். மேஸ்திரி கிரீஸ் கன்னை எடுத்து முன் சக்கர மூட்டில் வைக்கப் போனார்.

“அதுக்குக் கிரீஸ் ஆகாதுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “அந்த வெண்கல மூட்டுக்குக் கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் போட்டா உள்ளே திருகு காஞ்சு ஒடிஞ்சுரும்.”

நாங்கள் மூவரும் திரும்பினோம். அம்மா!

மேஸ்திரி கிரீஸ் கன்னைக் கீழே வைத்தார். “சரியாச் சொன்னீங்கம்மா. முழுசாச் செஞ்சா நாலு லட்சத்துக்குக் குறையாதுங்க. செய்யலாம். ஆனா ஒண்ணு கேக்கணும். யாருங்க ஓட்டறது?”

தம்பி தரையைப் பார்த்தான். நான் பட்டறைக் கூரையைப் பார்த்தேன். இத்தனை நாள் சண்டையில் இந்தக் கேள்வியை இருவரும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் ஹெரால்டைப் பளபளவென்று நிறுத்திவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறியிருப்பேன். அவன் புதுக் காரை நிறுத்திவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறியிருப்பான். அம்மா மறுபடி பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பாள்.

“நான் ஓட்டறேன்” என்றாள் அம்மா.

“உனக்கு ஓட்டத் தெரியாதே, அம்மா!”

“தெரியாதுதான் கண்ணு. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்து ஸீட்டுல உக்காந்து பாத்திருக்கேன். கியர் எப்ப மாத்தணும்னு எஞ்சின் சத்தத்துலயே தெரியும். உங்கப்பா நல்ல மனுஷர்தான். ஆனா ஒரு நாள்கூட, ‘நீ ஓட்டிப் பாக்கறயா?’ன்னு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.”

அம்மாவுக்கு அறுபது வயது. அவள் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. மளிகைக் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

மீதிக் கணக்கையும் அவளே போட்டாள். இரண்டே முக்கால் லட்சத்தில், காற்றுப் பையும் ஸீட் பெல்ட்டும் உள்ள ஒரு பழைய சின்னக் கார், ஓட்டுவதற்கு. ஹெரால்டுக்கு எண்பதாயிரம், இந்த வருஷம் சேஸிஸின் துருவை வெட்டி, தரைத் தகடு மாற்றி, மேலே துரு ஏறாமல் நிறுத்துவது மட்டும். பெயிண்டும் எஞ்சினும் பணம் வரும்போது. மீதியை டிரைவிங் ஸ்கூலுக்கும் அவசரத்துக்கும் முடிந்து வைத்தாள். ‘பழையதா, புதியதா?’ என்று நாங்கள் இருவரும் ஆறு மாதம் மல்லுக்கட்டிய வழக்கு, ஒரு டீ ஆறுவதற்குள் தீர்ந்தது.

40 வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸ் கேட்டால் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். புரை எடுத்த டாக்டரே கண்ணைச் சோதித்துவிட்டு, ‘உங்கள் மகளைவிட உங்களுக்குப் பார்வை நன்றாயிருக்கிறது’ என்று சிரித்தாராம்.

ஹெரால்டு திரும்பி வந்து கொட்டகையில் நிற்கிறது. வெளியே இன்னும் அழுக்கு; அடியில் மட்டும் புதுக் கறுப்பு. மாதம் ஒரு முறை அம்மா அந்த மூட்டுக்குக் கியர் ஆயில் விடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். சின்னக் காரில் சிவப்பு ‘எல்’ ஒட்டியிருந்தது. சொல்லிக்கொடுக்கும் பெண் அன்று பின் ஸீட்டுக்குப் போய்விட்டாள். “இனி நீங்களே பாத்துக்குவீங்க, அம்மா” என்றாளாம். நான் பழக்கத்தில் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

“அங்கே இல்லை கண்ணு” என்றாள் அம்மா, சாவியைச் சுழற்றிக்கொண்டே. “நீ பக்கத்து ஸீட்.”