கிரிக்கெட் மோகம் இன்னும் எத்தனை நாளைக்கு?

பெண்கள் பத்திரிகையில் கிரிக்கெட்டைப் பற்றி என்ன பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஏப்ரல், மே வந்துவிட்டால் ராத்திரி ஏழரை மணிக்கு மேல் நம் வீட்டில் சாப்பாடு எப்போது, குழந்தை தூங்குவது எப்போது, சீரியல் பார்க்கலாமா கூடாதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது யார்? நாமா? ஐ.பி.எல். அட்டவணை அல்லவா தீர்மானிக்கிறது! தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஸ்கோர் கேட்டுப் பழகியவர்கள் நாம். நமக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கக்கூடாதா?

என் அபிப்பிராயம் இதுதான்: இந்த மோகம் இப்படியே நீடிக்காது. விளையாட்டு அழிந்துபோகும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் மனசு மாறிக்கொண்டு வருகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "2022-ல ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை எவ்வளவுக்குப் போச்சு தெரியுமா? அஞ்சு வருஷத்துக்கு 48,390 கோடி! அவ்வளவு பணத்தைப் போட்டவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றார்.

எனக்கு ஆதரவாக வந்தவர் என் மாமனார்தான். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. அவர் காலத்து ஹாக்கி மட்டை இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. "ஹாக்கியும் இப்படியே இருக்கும்னுதான் நாங்க நினைச்சோம்" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1928-லிருந்து 1956 வரை ஒலிம்பிக்கில் வரிசையாக ஆறு தங்கம். அப்புறம் 1964-ல் ஒன்று. 1980-ல் மாஸ்கோவில் எட்டாவது தங்கம். அந்த அணிக்குக் கேப்டன் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். 1975-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை ஜெயித்து உலகக் கோப்பை வாங்கியதை மாமா ரேடியோவில் கேட்டாராம். அன்றைக்குத் தெருவே பாயசம் வைத்துச் சாப்பிட்டதாம். மறு வருஷமே மாண்ட்ரீலில் புல் தரைக்குப் பதில் செயற்கைத் தரையைப் போட்டார்கள். நம் அணிக்கு ஏழாவது இடம்! அந்தத் தரை போட ஆகும் செலவுக்கு நம் பள்ளிக்கூடங்கள் எங்கே போகும்? 1983-ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார், வீட்டுக்கு வீடு டி.வி.யும் வந்தது. பையன்கள் மட்டையை மாற்றிக்கொண்டார்கள்.

"ஹாக்கியை யாரும்மா வெறுத்தாங்க? மறந்துட்டாங்க, அவ்வளவுதான்" என்று மாமா சொன்னபோது எனக்கு என்னவோ போலிருந்தது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்தினார்கள். எங்கள் தெருவில் அதைப் பார்த்தது மாமா ஒருவர்தான்.

நான் பிறந்து வளர்ந்தது அரக்கோணம். எங்கள் வீட்டில் டி.வி. இருந்தாலும் அப்பாவுக்கு ரேடியோ இல்லாமல் மாட்ச் கிடையாது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வர்ணனை சொன்னால், மைதானத்தையே பார்க்காத அம்மாவுக்குக்கூடப் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? முதுகு வலியோடு சச்சின் 136 ரன் அடித்தும், 12 ரன்னில் தோற்றுப்போனோம். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது நம் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள் பாருங்கள், அதைப் பார்த்து அப்பாவும் கை தட்டினார், வீட்டுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு! நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த மனசு வரும் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது என் பையன் பார்ப்பதைச் சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கிறான். டி.வி. முன்னால் உட்காருவதே இல்லை. போனில் சிக்ஸர் மட்டும் தனித்தனியாக வருகிறதாம்; ஒவ்வொன்றும் அரை நிமிஷம். கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போகிறான். "முழு மாட்ச் பாரேன்டா" என்றால், "போர்ம்மா, மூணு மணி நேரம் யாரு உட்காருவா?" என்கிறான். அஞ்சு நாள் ஆட்டம் ஒரு நாளாச்சு, ஒரு நாள் மூணு மணி நேரமாச்சு. இவனுக்கு அதுவும் நீளம்!

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் தெருவில் மஞ்சள் சட்டை போடாத வீடு கிடையாது. ஆனால் அவர்கள் பார்ப்பது கிரிக்கெட்டையா, தோனியையா? ஜடேஜா அவுட்டானால் தோனி உள்ளே வருவார் என்று சொந்த ஊர் ஜனங்களே அவர் அவுட்டாகக் காத்திருந்தார்கள். 2023-ல் ஜடேஜாவே அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். என்ன ஆச்சரியம் பாருங்கள்! தன் பக்கத்து ஆள் அவுட்டாக வேண்டும் என்று நினைப்பது எந்த ஊர் ரசனை? 2025-ல் சென்னை அணி பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. பாதி சீசனிலேயே எதிர்வீட்டில் மறுபடி சீரியல் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"இதுக்கெல்லாம் அசையாது. 2000-ல மாட்ச் ஃபிக்ஸிங் வந்தது, குரோனியே, அசாருதீன் எல்லாரும் போனாங்க. 2013-ல மறுபடி வந்தது. சென்னை அணியை 2016, 2017 ரெண்டு வருஷம் ஆடவே விடலை. ஜனங்க விட்டுட்டாங்களா?" என்பது என் வீட்டுக்காரர் வாதம். வாஸ்தவம். 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்து ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றியபோது, தனி ரயில் விட்டு ரசிகர்கள் அங்கே போனார்களே! ஆனால் அவர்கள் எல்லாம் கோபித்துக்கொண்டவர்கள். கோபித்துக்கொண்டு போன மருமகனை அழைத்துக்கொண்டு வரலாம். வரவே பிடிக்காமல் சலித்துப் போனவனை என்ன செய்வீர்கள்?

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் நாத்தனார் பையனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு சொல்கிறேன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். போனில் அவனே பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு அணி கட்டி, பணம் கட்டி ஆடும் ஆட்டம். ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தான். பரீட்சைக் கட்டணம், ஹாஸ்டல் பணம் என்று ஒரு வருஷத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. நாத்தனார் இரண்டு வளையலை அடகு வைத்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்காராமல் நேராக அடுப்படிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுததை நான் மறக்க முடியாது.

அந்த நாட்களில் அவன் மாட்ச் பார்க்கும் விதமே வேறு. இந்தியா ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை. எதிரணி பௌலர் ஒருவன் அவன் கட்டிய அணியில் இருந்தால், நம் ஆள் அவுட்டானதற்குத் துள்ளிக் குதிப்பான். மாமா ஒருநாள், "நீ எந்த ஊர்க்காரன்டா?" என்று கேட்டே விட்டார்.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இந்த ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்ததும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனிதான். அது விலகிக்கொண்டதால், அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் நம் ஆட்கள் சட்டையில் விளம்பரம் இல்லாமலே ஆடினார்கள். பையனும் தப்பித்தான். நாத்தனார் எங்கள் ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். ஆனால் ஒன்று. அன்றிலிருந்து அவன் ஒரு மாட்ச்கூடப் பார்ப்பதில்லை! "ஏன்டா?" என்றால், "அதுல என்ன இருக்கு அத்தை?" என்கிறான். அவன் விரும்பியது கிரிக்கெட்டே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவனைப் போல எத்தனை ஆயிரம் பேரைக் கணக்கில் சேர்த்து அந்தக் கோடிகளைப் போட்டார்களோ!

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி பெண்ணிடம் போனில் இதைப் புலம்பினேன். "இங்கேயும் இதே பேச்சுதான் அக்கா" என்றாள். அங்கே ஃபுட்பால் என்றால் நம்முடையது போலக் காலால் உதைப்பது இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஆளை ஆள் மோதித் தள்ளுவதுமாக இருக்கும். அதன் இறுதி ஆட்டத்தை 2025-ல் 12 கோடிக்கும் அதிகமான பேர் பார்த்தார்களாம். ஆனால் தலை தலையாக மோதி மோதி, பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு மூளை கெட்டுப்போனது. பென்னட் ஒமாலு என்ற டாக்டர் ஓர் ஆட்டக்காரரின் மூளையை ஆராய்ந்து 2005-ல் எழுதியதிலிருந்து, தாய்மார்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். என் தங்கை தன் பையனை மோதல் இல்லாத வேறு வகையில் சேர்த்திருக்கிறாள். இடுப்பில் துணிப்பட்டை தொங்கும். அதைப் பிடுங்கினால் ஆள் அவுட். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அந்த ஆட்டமும் உண்டு, நம் கிரிக்கெட்டும் உண்டு என்றாள். டி.வி.யில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "என் பிள்ளை மட்டும் வேண்டாம்" என்று சொல்கிற தாய்மார் பெருகினால், இருபது வருஷம் கழித்து ஆடுவது யார்?

கிரிக்கெட்டில் அந்த அளவு பயம் இல்லை; அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் கூடாது. 1998-ல் ராமன் லம்பா டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் நின்று, தலையில் அடிபட்டு இறந்தார். 2014-ல் ஆஸ்திரேலியாவின் பில் ஹியூஸ் ஹெல்மெட் போட்டிருந்தும் கழுத்துப் பக்கம் பந்து பட்டுப் போய்விட்டார். பையன் டென்னிஸ் பந்திலிருந்து நிஜப் பந்துக்கு மாறுகிறான் என்றால், மட்டைக்கு முன்னால் ஹெல்மெட்டை வாங்குங்கள். அடிபட்டவன் வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

இவ்வளவு குறை சொல்லும் நானே நடுராத்திரி தாண்டி விழித்திருந்து ஒரு மாட்ச் பார்த்தேன். 2025 நவம்பர் 2. நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மழையால் தாமதமாக ஆரம்பித்தது. ஷஃபாலி வர்மா 87 அடித்தாள். தீப்தி சர்மா ஐம்பதைத் தாண்டியதோடு அஞ்சு விக்கெட்டும் எடுத்தாள். 52 ரன்னில் தென்னாப்பிரிக்காவை ஜெயித்து ஹர்மன்பிரீத் கோப்பையைத் தூக்கும்போது, என் பெண் என் கையை இறுக்கிப் பிடித்த தழும்பு மறுநாளும் இருந்தது. மாமா, வீட்டுக்காரர், பையன், எல்லாரும் ஒரே கூடத்தில்! எத்தனை வருஷம் ஆச்சு அப்படி உட்கார்ந்து! பையன்கூட அன்று போனைத் தொடவில்லை.

சென்னைப் பெண் திருஷ் காமினி 2013 உலகக் கோப்பையில் சதம் அடித்தார். அந்தக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். எங்கள் தெருவில் அன்று யாருக்காவது தெரியுமா? எனக்கும் இப்போதுதான் தெரியும். 2025-ல் தெருவே விழித்திருந்தது. ஆக, பார்க்கிறவர்கள் குறைகிறார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. ஒரு வாசல் வழியாகப் போகிறார்கள், இன்னொரு வாசல் வழியாக வேறு யாரோ வருகிறார்கள். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நாம் இடம் கொடுக்கிறோமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஏனென்றால் இடம்தான் இல்லை. நான் கல்யாணமாகி வந்தபோது கார் ஷெட்டைத் தாண்டி எங்கே பார்த்தாலும் காலி மனை. சாயங்காலம் மனைக்கு ஒரு ஆட்டம் நடக்கும். இப்போது எல்லாம் அடுக்கு வீடு. பையன்கள் தெருவில் ஆடி, காருக்குக் கார் திட்டு வாங்குகிறார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடித்தான் இந்திய அணி வரை போனார். சின்னப்பம்பட்டியில் இடம் இருந்தது.

எட்டாவது படிக்கும் என் பெண் மட்டை வேண்டும் என்றாள். வாங்கியாயிற்று. அவளோடு சேர்த்து ஏழு பெண்கள் தேறியிருக்கிறார்கள். எங்கள் தெருக் கோடியில் மிச்சமிருக்கும் ஒரே காலி மனையில் ஆடலாமா என்று கேட்க, மாமாவும் நானும் மனைக்காரர் வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர். "தாராளமா ஆடட்டும்மா, தை பிறந்ததும் கடைக்கால் தோண்டுறோம், அதுவரைக்கும்தான்" என்றார். முள்ளை வெட்டித் தரையைச் சமன் செய்ய என் வீட்டுக்காரரும் பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மாமா பரணிலிருந்து ஹாக்கி மட்டையை இறக்கச் சொன்னார். எதற்கென்று கேட்டேன். மூன்றாவது ஸ்டம்ப் இல்லையாம்.