அம்மிச்சி வீட்டு அடுப்பங்கரை

அடுப்பங்கரையைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதா என்று தோழியர் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

சென்னிமலை என்றதும் பலருக்கு முருகன் கோயிலும் கைத்தறிப் போர்வையும் நினைவுக்கு வரும். எனக்கோ புகைதான் நினைவுக்கு வரும். என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் வீடு மலையடிவாரத்தில் ஒரு தெருவில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு. முன்கூடத்தில் மாமாவின் குழித்தறி, அதையடுத்து அடுப்பங்கரை. இரண்டுக்கும் நடுவில் உள்ள செங்கல் சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் ஓடு வரையில் திறந்த வெளிதான். விறகடுப்பின் புகை அந்த வழியாகத் தறிக்கு வந்து, பாவின் மேல் மெல்ல இறங்கும்.

வெள்ளை நூலில் கரி படிந்தால் என்ன ஆகும்? மாமா நெய்து கொடுத்த போர்வைகளில் இரண்டு, கரிக்கோடு விழுந்திருக்கிறது என்று திரும்பி வந்தன. கூலியில் பிடித்தம். அன்று மாமா கோபமாகப் பேசவில்லை. "இந்த வூட்டுல ஒண்ணு அடுப்பு இருக்கோணும், இல்லாட்டித் தறி இருக்கோணுமுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மிச்சி பதிலே பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தார். ஆனால் அன்றிலிருந்து இருவருக்குள்ளும் பேச்சு குறைந்துபோயிற்று. கோடை விடுமுறைக்கு நானும் அம்மாவும் போய் இறங்கியபோது வீட்டின் நிலை இதுதான்.

எரிவாயு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விருந்தாளிக்குத் தேநீர் வைக்க மட்டும் அது பயன்படும். "கேசுல வெச்ச அரிசிம்பருப்புல என்ன ருசி இருக்குது கண்ணு?" என்பார் அம்மிச்சி. ருசி ஒரு காரணம். காசு இன்னொரு காரணம். தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும் சும்மா கிடைக்கும்போது உருளைக்கு ஏன் பணம் கொட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் அவருடைய இருமல் சேரவில்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, சாணி முதலியவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதை நான் படித்துக் காட்டியபோது, "அத்தனை பேரா!" என்று வியந்துவிட்டு, ஊதாங்குழலை எடுத்து ஊதத் தொடங்கினார்.

அடுப்பை எடுக்க முடியாது. புகையை எடுக்கலாம் அல்லவா? இது புதிய யோசனை ஒன்றும் அன்று. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு என்பவர் புகையில்லாச் சமையலறைகளைப் பற்றி 1953-லேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1983-இல் மைய அரசு இதைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு, 2002 வரை நடத்தியது. கட்டிய அடுப்புகள் ஏராளம், கைவிடப்பட்டவையும் ஏராளம். பல வீடுகளில் குழாயைத் துடைக்கவில்லை. பெரிய விறகு நுழையவில்லை என்று அடுப்பு வாயை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள். என் எண்ணம் என்னவென்றால், சமைப்பவளைக் கேட்காமல் கட்டிய அடுப்பு நிலைக்காது.

ஆகவே நாங்கள் அம்மிச்சியையே கேட்டோம். "நீங்களே உங்க கையால கட்டிக் குடுங்க அம்மிச்சி, நாங்க மண்ணு மிதிக்கிறோமுங்க" என்றேன். வெகுநேரம் கழித்து, "என்ற குண்டானுக்கு ஓட்டை பத்துமா?" என்று கேட்டார். சம்மதம் கிடைத்துவிட்டது! மாமா ஒதுக்கிய தொகை 2,000 ரூபாய்.

முதலில் சுவர். மாமாவின் திருமணத்தின்போது, 2012-இல், அடுப்பை ஒட்டிய செங்கல் சுவருக்குப் பச்சை எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்க்கப் பளபளப்பு, அடுப்புக்கு அருகில் அது ஆகாது. சூட்டில் கொப்புளித்து, தோல் தோலாக உரிந்து, சில நாள் நாற்றமும் வீசியது. செங்கல் உள்ளே இழுத்த ஈரம் வெளியேற வழியின்றித் தவிப்பதும் இந்தப் பூச்சினால்தான். அதைவிடக் கவலை ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டில் என்ன இருந்ததோ யார் கண்டது? உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும்; தீயால் பொசுக்குவது அதனினும் கேடு. ஆகவே சுவரை நன்றாக நனைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மாமா இரும்புத் தகட்டால் சுரண்டினார். மாமாவின் குழந்தையை அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். விழுந்த சக்கையை அடுப்பில் போடாமல் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினோம்.

பிறகு சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீரில் போட்டதும் அது கொதித்த கொதிப்பைப் பார்க்க வேண்டுமே! வேதியியல் வகுப்பில் சமன்பாடாக எழுதியது கண்முன்னே பொங்கியது. கண்ணில் தெறித்தால் ஆபத்து என்று அம்மா என்னை எட்டவே நிறுத்திவிட்டார். ஆறியபின் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் உப்பும் சேர்த்து, நீர்க்க மூன்று முறை பூசினோம். பூசியவுடன் மங்கலாக இருக்கும்; காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக இறுகி வெளுக்கும். சுவரும் மூச்சு விடும்.

அடுப்புக்குப் புற்று மண், மணல், நறுக்கிய வைக்கோல், சாணி. மூன்று நாள் புளிக்க வைத்து மிதித்தோம். அம்மிச்சி கட்டியது கொடியடுப்புத்தான். முன் குழியில் எரியும் தீ, உள்வழியாகப் பின் குழிக்குப் போய், அங்கிருந்து குழாய்க்குள் ஏறும். குழிகளின் வாய் அளவு பாத்திரத்தோடு பொருந்தாவிட்டால் இடுக்கில் புகை கசியும் என்பதால், குண்டான், வாணலி எல்லாவற்றையும் நூல் வைத்து அளந்தது நான். தகரக் குழாயை ஓட்டின் மரச்சட்டங்களுக்கு அருகில் விடாமல், சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோய், தாழ்வாரத்துக்கு மேலே ஏற்றினோம். திரும்பும் இடத்தில் கரியை வாரி எடுக்க ஒரு மூடி. குழாய்க்கு 1,100, சுண்ணாம்புக்கு 350, தூரிகை முதலிய சில்லறைக்கு 150. ஆக 1,600 ரூபாயில் முடிந்தது. செங்கல் பழைய தொழுவத்தில் இருந்தது.

பத்து நாள் காயவிட்டு, முதலில் சுள்ளித் தீயாகக் காட்டி, விண்டுபோன இடங்களை அம்மிச்சி ஈரமண்ணால் மெழுகினார். முதல் சமையல் அரிசிம்பருப்பு. மாமா தறியை விட்டு எழுந்து வந்து, வெளியே போய்க் குழாயை அண்ணாந்து பார்த்தார். நீல நிறத்தில் ஒரு கீற்று, அவ்வளவே. விறகு பற்ற வைக்கும்போதும், ஈர மட்டை வைத்தாலும் உள்ளே சிறிது புகை வரத்தான் செய்கிறது. உடம்புக்கு எரிவாயுவே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று மத்தியானம், "எலை போடட்டுங்களாம்மா?" என்று மாமா கேட்க, "போடு சாமி" என்று அம்மிச்சி சொல்ல, அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையினால் அல்ல.

ஒரே ஒரு வழக்கு மட்டும் பாக்கி. அடுப்புக்கு மேலே பரணில் விதைக்குக் கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிரும் சுரைக்காயும் புகை இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும் என்றார் அம்மிச்சி. அதுவும் உண்மைதானே! புறக்கடை வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்து, வெந்நீர் காய்ச்சும் அந்தத் தீக்கு மேலே ஒரு கொடி கட்டிக் கொடுத்திருக்கிறார் மாமா. விதைகள் இப்போது அங்கேதான் தொங்குகின்றன.