தொப்பூர்: கணவாய்க்கு அப்பால் ஒரு பால் கணக்கு

தொப்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு விபத்துதான் நினைவுக்கு வரும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே கணவாயில் இறங்குகிறது. பிரேக் பிடிக்காத லாரிகளின் கதையோடு ஊர்ச் செய்தி முடிந்துவிடும். சாலையை விட்டு உள்ளே போனால் மலையடிவாரம், காப்புக்காடு, மழையை நம்பிய மேட்டு நிலம். மானம் பார்த்த வெள்ளாமை கைவிட்ட வருஷத்தில் வீட்டுச் செலவைத் தாங்குவது கட்டுத்தறியில் நிற்கும் ஒன்றிரண்டு மாடுகள்.

ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு லீவு கிடையாது. இழவோ கல்யாணமோ, காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். "அக்கா, சாயங்காலம் நம்ம மாட்டையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏற ஓர் ஆள் வேண்டும். கை மாறினால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். அதற்கும் கிராமத்தில் வழி உண்டு: வீட்டுக்காரியின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தால், வாசனையில் ஏமாந்து மாடு சுரந்துவிடும்.

மாடு வாங்கக் காசில்லாதவர்களுக்கு வாரத்துக்கு வளர்க்கும் முறை இருக்கிறது. ஒருவர் கிடேரிக் கன்றை வளர்க்கக் கொடுப்பார். வளர்ந்து ஈன்றதும் பேசியபடி ஈற்றையோ விலையையோ பங்கிட்டுக்கொள்வார்கள். பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். எந்த வங்கியும் இப்படிக் கடன் கொடுக்காது.

வங்கியை ஊருக்குள் கொண்டுவந்ததும் ஒருவரை ஒருவர் நம்பும் இந்த உறவுதான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு 1989இல் மகளிர் சுய உதவிக் குழுக்களை முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். சொத்து ஜாமீன் இல்லாத பெண்களுக்குக் குழுவே ஜாமீன். அப்படி வந்த கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் ஏராளம்.

ஆனால் பால் விலை இந்த உழைப்புக்கு ஈடாக இல்லை. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பர் 18 முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகை. புண்ணாக்கும் தவிடும் விற்கிற விலைக்கு இது எம்மாத்திரம்? அந்த மூன்று ரூபாயாவது தனியாக, தாமதமாக வராமல் பால் பணத்தோடு சேர்ந்தே வர அரசு வழி செய்ய வேண்டும்.